முப்பத்தொன்று, பந்தி இரண்டு

திருகோணமலைக் கச்சேரியில் எனக்கிருந்த வேலை
அரசியலமைப்பை ஒட்டுவது.
கொழும்பிலிருந்து திருத்தம் வரும், மெல்லிய தாளில்.
கத்தரிக்கோல், கோதுமை மாப் பசை, ஓர் ஈரத்துணி.
பழைய வரியை வெட்டு, அல்லது மூடு.
புதியதை வைத்து நகத்தால் ஓரம் தேய்.
திகதி போட்டுச் சுருக்கொப்பம் இடு.

எழுபத்தெட்டில் அச்சான பிரதி.
நான் வேலைக்குச் சேர முன்பே தடித்திருந்தது.
எனக்கு முன் இருந்த தியாகலிங்கம்
எண்பத்திரண்டின் ஓரத்தில் பென்சிலால்
ஒரு குடம் வரைந்து வைத்திருந்தார்.
விளக்கு வரையவில்லை.
எதற்குப் புள்ளடி போட்டார் என்று
அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை.

இரண்டு முறை தெரிவானவர்
மூன்றாம் முறை கேட்கலாகாது.
இதைச் சொல்ல அந்தப் புத்தகத்துக்குச்
சில வரிகள் போதுமாயிருந்தன.
முப்பத்திரண்டு வருடம் என் கத்தரிக்கோல்,
அவருடைய கத்தரிக்கோல்,
இரண்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து, செப்டெம்பர்.
போர் முடிந்து ஒன்றரை வருடம் ஆகவில்லை.
தாள் அவசரமாக வந்தது.
அலியார் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
"வெட்டுங்க" என்றார்,
"மூடினா வெளிச்சத்தில தெரியும்."
வெட்டினேன்.
உள்ளங்கையில் கிடந்தது
ஒரு நாடு சொன்ன 'போதும்'.

கூடையில் போட மனமில்லை.
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
கோட்டையிலிருந்து வரும் புள்ளிமான்களுக்குத்
தாள் பழக்கம்,
பஸ் நிலையத்தில் லொத்தர்ச் சீட்டும் தின்னும்.
ஒன்று கழுத்தை நீட்டியது,
பசையின் மாவுக்காகத்தான், வேறொன்றுமில்லை.
மென்றது. விழுங்கியது.
அந்தக் கிழமைதான் அதன் கொம்பு விழுந்திருந்தது:
தலையில் இரண்டு புண்,
இரண்டிலும் இலையான்.
கொம்புக்கும் ஒரு தவணை உண்டென்று
பிறகுதான் நினைத்தேன்.
அப்போது நினைத்ததெல்லாம்
பதிவேட்டில் இதை எப்படி எழுதுவதென்று.
'அகற்றப்பட்டது' என்று எழுதினேன்.

ஐந்து வருடம் அந்தப் பக்கத்தில் ஓர் ஓட்டை.
அதனூடாக அடுத்த பக்கத்தின் ஒரு சொல்
பாதியாய்த் தெரியும்: '...வரை'.
தேநீர் கொண்டுவரும் குணபால
பக்கத்தைத் தூக்கி, ஒரு கண்ணை வைத்து
என்னைப் பார்த்துச் சிரிப்பான்.
நானும் சிரிப்பேன், கதவைப் பார்த்துவிட்டு.

பதினைந்தாம் ஆண்டு மே மாதம்
அதே இரண்டு முறை திரும்பி வந்தது,
ஆறு வருடம் ஐந்தாகச் சுருங்கி.
ஓட்டையைவிடச் சீட்டுச் சிறிது.
நாலு பக்கமும் நூலளவு வெளிச்சம் விட்டே ஒட்டினேன்.
பழுப்பேறிய பக்கத்தில் அதன் வெள்ளை
கட்டுப்பல்போல் இருந்தது.

பிறகு ஒரு மே மாதம்,
கடற்படைத் தள வாசலில் சனம்.
உள்ளே யாரோ ஒளிந்திருப்பதாகக் கத்தினார்கள்.
பெற்றோல் வரிசையில் இடம் பிடித்துவிட்டு
நானும் போய் நின்றேன்.
இரும்புக் கதவு, வியர்த்த நேவிப் பொடியன்கள்.
"உள்ளுக்கு ஆர் அண்ணை?" என்று ஒருவன் கேட்டான்.
நகத்திடுக்கில் பசை காய்ந்ததுபோல்
சுரண்டிக்கொண்டு நின்றேன்.
வரிசையில் என் இடம் போய்விட்டது.

அந்த வருடம் என்னையும் திருத்தினார்கள்.
ஜனவரியில் ஓய்வு வயது அறுபத்தைந்து.
செப்டெம்பரில் அறுபது.
அதற்குக் குடமுமில்லை, விளக்குமில்லை.
டிசெம்பர் முப்பத்தொன்று, சனிக்கிழமை,
மழை. சாவிக்கொத்தை ஒப்படைத்தேன்.
கத்தரிக்கோல் ஒன்று, பசைப் போத்தல் அரை.

புத்தகத்தை மேசையில் வைத்தால்
தானாகவே அந்தப் பக்கத்தில் திறக்கும்.
முதுகு அங்கேதான் முறிந்திருக்கிறது.
மூடி வைக்க மேலே ஒரு செங்கல் வேண்டும்.
செங்கல்லையும் பொருட்பட்டியலில் சேர்த்துக்
கையொப்பமிட்டேன்.